‘இல்லை’ என்று நிரப்பிய 41 மெகாபைட்

அக்கா ஃபோன் செய்தபோது இரவு மணி பதினொன்றரை. அந்த நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை அவள். நாலு மணிக்கு எழ வேண்டும் என்று ஒன்பதுக்கே படுத்துவிடுவாள்.

“தம்பி, கம்ப்யூட்டர் ஒரே இடத்துல நிக்குதுடா. மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். இப்ப டிஸ்க்கைச் சரி பண்றேன்னு அதுவா ஏதோ ஓட்டுது. பதினோரு சதவீதத்துல ஒரு மணி நேரமா அப்படியே இருக்கு.”

“அக்கா, அதை அணைச்சிடு. அணையலேன்னா பவர் பட்டனை அழுத்திப் பிடி. காலையில நான் வர்ற வரைக்கும் தொடாதே.”

“சரியாயிடும்ல?”

எனக்குத் தெரியவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்தவை பறவைக் குரல்கள். ஒன்பது வருடமாக, விடிவதற்கு முன்னால் எழுந்து போய், அசையாமல் உட்கார்ந்து அவள் பதிவு செய்தவை. ஒவ்வொரு ஃபைலின் பெயரிலும் தேதி, நேரம், இடம், பறவை நான்கும் இருக்கும். பெயர் இல்லாவிட்டால் அந்த ஒலி அவளுக்குப் பாதிதான். ஏனென்றால் எந்த மாதத்தில் எந்தக் குரல் முதலில் கேட்கிறது என்பதைத்தான் அவள் வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து வருகிறாள். நகல் ஒன்று இருந்தது. ஆனால் அது இரண்டு வருடத்துக்கு முன்பு எடுத்தது. ஆக, எங்கள் கையை விட்டுப் போகவிருந்தது இரண்டு வருட விடியற்காலைகள்.

மறுநாள் காலை நான் செய்த முதல் காரியமே தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கம்ப்யூட்டரை ஆன் செய்தேன், டிஸ்க் தெரிந்தது. ஃபோல்டர் திறந்தது, ஃபைல் பெயர்கள் எல்லாம் வந்தன. அக்கா பக்கத்தில் நின்று “அப்பாடா” என்றாள். எனக்கும் அந்த நிம்மதி தொற்றிக்கொண்டது. அந்த இரண்டு வருட ஃபோல்டரை அப்படியே பிடித்து இன்னொரு டிஸ்க்குக்கு இழுத்துவிட்டேன். 38 சதவீதம் வரை சீராகப் போனது. அதற்கப்புறம் நின்றது. நாற்பது நிமிடம் நின்றது. உள்ளேயிருந்து மெல்லச் சுரண்டுவது போல ஒரு சத்தம், பிறகு அமைதி, மறுபடியும் சுரண்டல். தொடங்குவதற்கு முன் ஒரு எண்ணைக் குறித்து வைத்திருந்தேன். நிறுத்திய பிறகு அதை மறுபடி பார்த்தேன். 64 ஆக இருந்தது 136 ஆகியிருந்தது.

அந்த எண் என்ன என்று சொல்ல வேண்டும். ஏறக்குறைய எல்லா ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும். அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். அந்தப் பட்டியலில் நிறைய வரிகள் இருந்தாலும் நான் பார்ப்பது சிலவற்றைத்தான். 5-ஆவது வரி, கெட்டுப்போனதால் ஏற்கெனவே மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை. 197-ஆவது, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள். 198-ஆவது, டிஸ்க் தானே சோதித்துப் பார்த்தும் மீட்க முடியாதவை. 199-ஆவது வரி மட்டும் கூடிக்கொண்டே போய் மற்றவை பூஜ்யமாக இருந்தால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அது பெரும்பாலும் கேபிள் கோளாறு, கேபிளை மாற்றினால் போதும். அக்காவின் டிஸ்க்கில் 199-ஆவது வரி பூஜ்யம். 64-இலிருந்து 136-க்கு ஏறியது 197-ஆவது வரி.

நிலுவை என்ற சொல்லை நான் யோசித்துத்தான் போட்டேன். ஒரு செக்டரைப் படிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் அதை உடனே ஒதுக்கிவிடுவதில்லை. உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமல் மாற்றிடத்தில் எதை எழுதி வைப்பது? அதனால் காத்திருக்கிறது. ஒருநாள் படிக்க முடிந்தாலோ, யாராவது அதன் மேல் புதிதாக எதையாவது எழுதினாலோதான் அந்த நிலுவை தீரும். ‘டிஸ்க்கைச் சரிசெய்யும்’ மென்பொருள் பலவும் செய்வது இரண்டாவதைத்தான். செக்டர் மேல் பூஜ்யங்களை எழுதும், எண்ணிக்கை குறையும், டிஸ்க் நலமாகிவிட்டது என்று திரையில் வரும். அந்த இடத்தில் இருந்த உங்கள் ஃபைல் போயிருக்கும்.

விண்டோஸ், லினக்ஸ் இயங்குதளங்களில் வரும் செக்டிஸ்க், எஃப்எஸ்சிகே போன்ற டிஸ்க் சோதனைகளைச் சாகும் நிலையில் இருக்கும் டிஸ்க்கில் ஓட்டவே கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான். அவை நல்ல கருவிகள். டிஸ்க் நன்றாக இருந்து, அதன் மேல் இருக்கும் கணக்குவழக்கு மட்டும் குழம்பியிருக்கும்போது உதவுவதற்கென்றே எழுதப்பட்டவை. டிஸ்க்கே படிக்க மறுக்கும்போது, படிக்க முடியாத ஃபோல்டரில் ஃபைலே இல்லை என்று அவை முடிவுகட்டிவிடலாம். அந்த முடிவைக் கெட்டுக்கொண்டிருக்கும் அதே டிஸ்க்கில் எழுதியும் வைத்துவிடும். முந்தின இரவு 11 சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தது அப்படி ஒரு சோதனைதான். நின்றது எங்கள் நல்ல காலம்.

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை மனக்கண்ணில் பார்த்தவர்கள் அப்புறம் அதை முரட்டுத்தனமாக நடத்த மாட்டார்கள். அக்காவுடையது, உள்ளே இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ரகம். அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. படிக்கும் ஹெட் தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்று மெத்தையின் மேல் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர். அவ்வளவு நெருக்கத்தில் பறக்கும் ஒன்று, ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து மறுபடி முயல்கிறது. சற்று இப்படி, சற்று அப்படி விலகி முயல்கிறது. அப்படி ஆயிரம் சுற்று முயன்றால் எட்டு விநாடிக்கு மேல் ஆகிவிடும். பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் சர்வர்களுக்கான டிஸ்க்குகளில் இந்த முயற்சியை ஏழு விநாடி அளவில் நிறுத்திக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்க் அதற்கு மேலும் மல்லுக்கட்டும். அது கைவிட்டாலும் மேலே இருக்கும் இயங்குதளம் விடாது, மறுபடி கேட்கும். நான் கேட்ட சுரண்டல் சத்தம் அதுதான். தட்டில் புண் இருக்கும் இடத்துக்கு மேலேயே ஹெட்டை நாற்பது நிமிடம் நிற்க வைத்திருந்தேன்.

கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கிடம் இன்னும் இத்தனை வாசிப்புதான் பாக்கி என்று ஒரு கணக்கு இருக்கிறது. அது எவ்வளவு என்று டிஸ்க்குக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஃபோல்டரைத் திறந்து பார்ப்பது, படங்களின் சிறு முன்காட்சி வரட்டும் என்று காத்திருப்பது, ‘இருக்கிறதா’ என்று ஒரு பாட்டை ஓட்டிப் பார்ப்பது, மறுபடி மறுபடி ஆன் செய்வது எல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் கழிகின்றன. ஆறுதலுக்காகச் செய்யும் வாசிப்பையும் மீட்பதற்காகச் செய்யும் வாசிப்பையும் டிஸ்க் பிரித்துப் பார்ப்பதில்லை.

2007-இல் கூகுளைச் சேர்ந்த எட்வர்டோ பின்ஹெய்ரோ, வுல்ஃப்-டீட்ரிச் வெபர், லூயிஸ் ஆந்த்ரே பரோசோ மூவரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளைக் கவனித்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தன்னைத்தானே சோதித்து முதல் பிழையைக் கண்ட டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை காணாத டிஸ்க்கைவிட 39 மடங்கு என்று அதில் இருக்கிறது. அதே கட்டுரையில் வேறொன்றும் இருக்கிறது, என்னைக் கூடுதலாகப் பயமுறுத்தியது அதுதான். செயலிழந்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேற்பட்டவை, ஸ்மார்ட்டின் வலுவான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன. எச்சரிக்கை வந்தால் நம்பலாம், வராவிட்டால் அதை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. அக்காவுக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது. அது ஒரு சலுகை என்றே நினைத்துக்கொண்டு டிஸ்க்கைக் கழற்றி என் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

கிளம்பும்போது அக்கா, “அந்த ரெண்டு வருஷத்தை மட்டும் முதல்ல எடுத்துடேன், மத்தது பழைய காப்பியில இருக்கே” என்றாள். நியாயமான கேள்வி. நானும் யோசித்தேன். ஃபைல் ஃபைலாக எடுப்பதில் ஒரு சங்கடம், ஹெட் நிலையாக ஒரு பக்கமாகப் போகாது. பெயர் எங்கே இருக்கிறது என்று ஓரிடம் போய்ப் பார்க்கும், ஃபைல் துண்டுகளைத் தேடி வேறிடம் ஓடும், திரும்ப வரும். ஒவ்வொரு ஃபைலுக்கும் இந்த அலைச்சல். தட்டின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை வரிசையாக, என்ன ஏது என்று பார்க்காமல் அப்படியே படித்துக்கொண்டு போவதுதான் அதற்கு மிக இலகுவான வேலை. டிஸ்க் இன்னும் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது என்று தோன்றியிருந்தால் நான் வேறு முடிவெடுத்திருப்பேன். ஒருவருக்கு வேண்டியது இருபது எம்பி (மெகாபைட்) ஆய்வேடு மட்டும் என்றால், சந்தேகமே வேண்டாம், அதைத்தான் முதலில் பிடுங்க வேண்டும். ஆனால் அக்காவின் டிஸ்க் பெரும்பகுதி நன்றாகவே படித்துக்கொண்டிருந்தது. டக் டக் என்று ஹெட் மோதுகிற சத்தம் எதுவும் இல்லை. அந்தச் சத்தம் வந்திருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன். அது ஹெட்டே பழுதாகிவிட்டதற்கான அடையாளம், தூசியில்லாத அறையில் திறந்து பார்க்கிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்ற பழைய வைத்தியத்தை மட்டும் யாரும் முயல வேண்டாம். வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படிந்தால், சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஹெட் அதில் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

சரி, புதிய டிஸ்க். பழையது 1 டிபி (டெராபைட், அதாவது 1000 ஜிபி), புதிதாக வாங்கியது 4 டிபி. எதற்கு அவ்வளவு பெரிது என்றால், பழைய டிஸ்க்கின் முழு வார்ப்பையும், அதாவது தொடக்கம் முதல் கடைசி வரை அப்படியே எடுத்த படியை, ஒரே பெரிய ஃபைலாக அதில் வைக்க வேண்டும், அந்த வார்ப்பை இன்னொரு முறை நகலெடுத்து அதன் மேல்தான் பழுது பார்க்கும் வேலை எல்லாம் செய்ய வேண்டும், கடைசியில் மீண்ட ஃபைல்களுக்கும் இடம் வேண்டும். பழைய டிஸ்க்கை யூஎஸ்பி பெட்டியில் போடாமல், என் கம்ப்யூட்டரின் சாட்டா இணைப்பில் நேராகச் செருகினேன். நடுவில் இருக்கும் யூஎஸ்பி மாற்றி பிழைகளைச் சரியாக மேலே சொல்லாமல் போகலாம், நீண்ட காத்திருப்பில் தொடர்பையே அறுத்துவிடவும் செய்யும். பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டினேன். செருகிய டிஸ்க்கைத் தானாகத் திறக்கும் வசதியை முதலில் நிறுத்தினேன், திறந்தாலே எதையாவது எழுதிவிடும் என்பதால். ஒரு சின்ன மின்விசிறியை டிஸ்க்குக்கு நேராக வைத்தேன்.

பயன்படுத்திய மென்பொருள் குனு டிடிரெஸ்க்யூ. ஆன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதி, பல வருடங்களாகப் பராமரித்து வருவது, இலவசம். இதைப் பற்றி நான் கொஞ்சம் நிறையவே பேசுவேன், ஏனென்றால் இவ்வளவு பொறுமையாக யோசித்து எழுதப்பட்ட மென்பொருளை நான் அதிகம் பார்த்ததில்லை. வழக்கமாக நகலெடுக்கும் கருவி கெட்ட இடத்தில் முட்டியதும் அங்கேயே நின்று போராடும். இது முட்டியதும் விலகிப் போய்விடும். கொஞ்சம் தள்ளிப் படித்துப் பார்க்கும், அங்கேயும் கெட்டிருந்தால் இன்னும் அதிகமாகத் தள்ளிப் போகும். எளிதாகக் கிடைப்பதை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். அடுத்த சுற்றில் எதிர்த்திசையிலிருந்து வந்து, விட்ட இடங்களின் மறுபக்கக் கரையைத் தொடும். இப்படி இரு பக்கமும் நெருக்கி, கெட்ட பகுதி உண்மையில் எவ்வளவு என்று கண்ட பிறகுதான் உள்ளே ஒவ்வொரு செக்டராகக் கேட்கத் தொடங்கும். தேனை எடுத்த பிறகுதான் கூட்டைத் தொடுகிற மாதிரி.

இதற்கெல்லாம் அது வைத்திருக்கும் குறிப்பேடு ஒரு சாதாரண எழுத்து ஃபைல். டிஸ்க்கின் எந்தப் பகுதி கிடைத்துவிட்டது என்றால் கூட்டல் குறி, இன்னும் முயலவில்லை என்றால் கேள்விக்குறி, கெட்டது என்று முடிவானால் கழித்தல் குறி. கரண்ட் போனாலும், நாமே நிறுத்தினாலும், டிஸ்க் மயங்கி விழுந்தாலும், மறுபடி தொடங்கும்போது குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து போகும். கிடைத்த இடத்தை இரண்டாம் முறை படிக்கவே படிக்காது. பாக்கி இருக்கும் வாசிப்புகளில் ஒன்றைக்கூட வீணாக்காத கருவி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டும்போது, முகப்பில் தெரியும் ஃபோல்டர்கள் எல்லாம் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருப்பவை. குறிப்பேட்டை அங்கே வைத்துவிட்டால், கம்ப்யூட்டர் அணைந்ததும் அதுவும் காணாமல் போகும். வார்ப்பு மட்டும் இருக்கும், அதில் எது உண்மை எது வெற்றிடம் என்று யாருக்கும் தெரியாது. கட்டளையைத் தட்டி, எண்டர் அழுத்துவதற்கு முன்பு இது உறைத்தது. குறிப்பேடு போகும் இடத்தைப் புதிய டிஸ்க்குக்கு மாற்றினேன். கூடவே, எது பழைய டிஸ்க், எது புதியது என்று கொள்ளளவையும் மேலே ஒட்டியிருக்கும் வரிசை எண்ணையும் திரையில் வருவதோடு சேர்த்து மூன்று முறை சரிபார்த்தேன். திசை மாறினால் வெற்று டிஸ்க் பழைய டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். அதற்கு மேல் மீட்பதற்கு ஒன்றும் இருக்காது.

கணக்குப்படி, விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபி படிக்க 10,000 விநாடி, அதாவது மூன்று மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். முதல் 300 ஜிபி அப்படித்தான் ஓடியது. பிறகு வேகம் விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. அன்று இரவு பத்து மணிக்கு 99.61 சதவீதம். அக்காவிடம் ஃபோனில் சொன்னேன். “அப்ப முடிஞ்சிடுச்சு!” என்றாள். இல்லை என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. 1 டிபியில் 0.39 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட நாலு ஜிபி. அவளுடைய பதிவுகள் பல, ஐம்பது அறுபது எம்பிதான். டிஸ்க் விஷயத்தில் சதவீதம் ஆளை ஏமாற்றும். 99.99 என்று வந்தாலும் இன்னும் 100 எம்பி வரை வெளியே நிற்கலாம்.

அந்த நாலு ஜிபிக்கு மூன்று நாள் ஆனது. ஒவ்வொரு கெட்ட இடத்திலும் டிஸ்க் ஐந்து, ஏழு விநாடி போராடிவிட்டுத்தான் ‘முடியவில்லை’ என்று சொல்லும். இங்கே ஒரு சிறு விவரம் எங்களுக்குப் பெரிதாக உதவியது. 2011-க்குப் பிறகு வந்த பெரும்பாலான டிஸ்க்குகள் வெளியே 512 பைட் செக்டர் என்று சொல்லிக்கொண்டாலும், தட்டில் எழுதுவது 4096 பைட் துண்டுகளாக. அப்படிப்பட்ட டிஸ்க்கில் 512-ஆகக் கேட்டால், கெட்ட ஒரே துண்டை எட்டு முறை கேட்டதாகிவிடும். எட்டு முறையும் அது போராடும். 4096 என்று சொல்லிவிட்டால் ஒரு முறையோடு விட்டுவிடும். நான் அதைச் செய்தேன். செய்யாதிருந்தால் கடைசிக் கட்டம் மட்டும் எட்டு மடங்கு நீண்டிருக்கும். அந்தச் சுமையை டிஸ்க் தாங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த மூன்று நாளும் நான் அதிகம் தூங்கவில்லை. பக்கத்து அறையில் அது சுழலும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இடையில் இரண்டு முறை டிஸ்க் கம்ப்யூட்டரின் பார்வையிலிருந்தே மறைந்துபோனது. இரண்டு முறையும் நிறுத்தி, ஆறவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கினேன். குறிப்பேடு இருந்ததால் பயமில்லாமல் நிறுத்த முடிந்தது. நிறுத்தத் தயங்காமல் இருப்பதுதான் இந்த வேலையில் கிடைக்கும் பெரிய சுதந்திரம் என்று நினைக்கிறேன்.

கடைசியில் கிடைக்காமல் நின்றது 41 எம்பி. 4096 பைட் துண்டுகளாகப் பார்த்தால் சுமார் 10,000. அவற்றை இன்னும் மூன்று முறை கேட்டுப் பார்த்தேன். ஏழெட்டுத் துண்டுகள்தான் கூடுதலாகக் கிடைத்தன. போதும் என்று பழைய டிஸ்க்கைக் கழற்றி, உறையில் போட்டு, அலமாரியில் வைத்தேன். அதற்குப் பிறகு அதை நான் ஓட்டவில்லை.

இனி எல்லாமே வார்ப்பின் நகல் மேல். முதல் கேள்வி, அந்த 41 எம்பி யாருடையது? அது வெற்றிடத்தில் விழுந்திருந்தால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஏதோ ஒரு விடியற்காலையின் நடுவில் விழுந்திருந்தால் தெரிந்தாக வேண்டும். இதற்கும் டிடிரெஸ்க்யூவில் வழி இருக்கிறது. கிடைக்காத துண்டுகளில் மட்டும் நாம் சொல்லும் ஒரு சொல்லை மறுபடி மறுபடி எழுதி நிரப்பும். பிறகு எல்லா ஃபைல்களிலும் அந்தச் சொல்லைத் தேடினால், எதில் ஓட்டை என்று தெரிந்துவிடும். வேறு எந்த ஃபைலிலும் தற்செயலாக வராத ஒன்றாக இருக்க வேண்டும். ‘இல்லை’ என்பதைப் பதினாறு முறை சேர்த்து ஒரே சரமாக எழுதி அதைக் கொண்டு நிரப்பினேன். சிதைந்த ஏட்டைப் பெயர்த்தெழுதுகிறவர் விடுபட்ட இடத்தில் புள்ளி வைத்துவிட்டுப் போவாரே, அந்த மாதிரி.

தேடியதில் 23 ஃபைல்கள் அகப்பட்டன. மற்ற ஓட்டைகளில் பெரும்பகுதி வெற்றிடத்தில் விழுந்திருந்தது. 23-இல் 9 பழைய நகலில் முழுதாக இருந்தன. மீதி 14-இல் பத்து ஒலிப்பதிவுகள், மூன்று படங்கள், ஒரு கணக்கு அட்டவணை.

ஒலிப்பதிவுகள் எங்களைக் காப்பாற்றிய விதத்தைச் சொல்ல வேண்டும். அக்கா எப்போதும் சுருக்கப்படாத வேவ் வடிவத்தில்தான் பதிவு செய்வாள். இடம் அடைக்கிறதே என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், அவள் கேட்டதில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், இரண்டு தடம் என்றால் விநாடிக்கு 1,92,000 பைட். ஒரு 4096 பைட் ஓட்டை அதில் 21 மில்லிவிநாடி. அவ்வளவுதான். மற்ற நேரம் முழுவதும் அப்படியே இருக்கும். சுருக்கிய ஃபைல்களின் கதை வேறு. படங்களில் ஓட்டை விழுந்த வரிக்குக் கீழே நிறம் குலைந்து பட்டை பட்டையாக வந்தது. கணக்கு அட்டவணை திறக்கவே இல்லை, அந்த வகை ஃபைல் உள்ளுக்குள் ஒரு சுருக்கிய பொட்டலம். அதை அக்கா தன் கையெழுத்துக் குறிப்பேட்டைப் பார்த்து ஒரு வாரம் உட்கார்ந்து மறுபடி எழுதினாள்.

நிரப்பிய ‘இல்லை’ ஒலியில் கரகரவென்று கேட்டது. அதனால் கடைசி நகலில் அந்த இடங்களைப் பூஜ்யத்தால் நிரப்பினேன். பூஜ்யம் என்றால் மௌனம். ஒரு மீன்கொத்தியின் அழைப்புக்கு நடுவில் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான மௌனம். எங்கே என்று காட்டினால்தான் காதில் படும்.

ஆனால் வேறொரு இடத்தில் அடி பலமாக விழுந்திருந்தது. விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் எல்லா ஃபைல்களின் பெயர், தேதி, இருக்கும் இடம் ஆகியவை மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற ஒரு பதிவேட்டில் இருக்கும். ஒரு ஃபைலுக்கு வழக்கமாக 1024 பைட். அப்படியானால் ஒரு 4096 பைட் ஓட்டை நான்கு ஃபைல்களின் பெயரை விழுங்கும். அந்தப் பதிவேட்டில் 12 துண்டுகள் போயிருந்தன. 48 ஃபைல்கள். ஒலி தட்டில் பத்திரமாக இருந்தது, அது யாருடையது என்று சொல்லும் வரிதான் இல்லை.

கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல், ஃபைலின் உள்ளடக்கம் தொடங்கும் அடையாளத்தைப் பார்த்தே ஃபைலைத் தோண்டி எடுக்கும். ஃபைல் துண்டு துண்டாகச் சிதறாமல் ஒரே நீளமாக எழுதப்பட்டிருந்தால் முழுதாக வரும். ரெக்கார்டரிலிருந்து மொத்தமாக நகலெடுத்த பதிவுகள் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. 48-உம் வந்தன. பெயருக்குப் பதில் எஃப் என்ற எழுத்தும் செக்டர் எண்ணும்.

இந்த இடத்தில்தான் பழைய நகல் எதிர்பாராமல் இன்னொரு முறை உதவியது. இரு பக்க ஃபைல்களுக்கும் ஷா-256 சரிபார்ப்புக் கூட்டைக் கணக்கிட்டு ஒப்பிட்டேன். உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால் கூட்டும் ஒன்றாக இருக்கும். 20 ஃபைல்களுக்குப் பழைய நகலிலிருந்தே பெயர் கிடைத்தது. மீதி 28-இல் 21-க்கு, ஃபைலின் உள்ளேயே தேதியும் நேரமும் இருந்தன. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997-இல் ப்ராட்காஸ்ட் வேவ் என்ற வடிவத்தை வரையறுத்தபோது, பதிவு எப்போது எடுக்கப்பட்டது என்று எழுதிவைக்க வேவ் ஃபைலுக்குள் ஒரு சிறு அறை ஒதுக்கியது. அக்காவின் பெரிய ரெக்கார்டர் அந்த அறையை ஒவ்வொரு முறையும் நிரப்பி வந்திருக்கிறது, எங்கள் இருவருக்குமே அது தெரியாது. தேதி தெரிந்ததும் அவள் குறிப்பேட்டைப் புரட்டி இடத்தையும் பறவையையும் சொல்லிவிட்டாள்.

மீண்ட எல்லாவற்றையும் புதிய டிஸ்க்கில் அடுக்கி, அதே நாளில் இன்னொரு டிஸ்க்கிலும் நகலெடுத்து, இரண்டின் கூட்டுத்தொகைகளையும் ஒப்பிட்ட பிறகுதான் அவளுக்குக் கொடுத்தேன். நகலெடுக்கும்போது பழைய தேதிகள் மாறிவிடாமல் இருக்க ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்தினேன். என்னைப் போல வார்ப்பாக எடுக்காமல், பழைய டிஸ்க்கிலிருந்து நேராகப் பெரிய புதிய டிஸ்க்குக்கே மாற்றுகிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் வந்துவிடும், ஒரே நேரத்தில் இரண்டையும் செருகினால் கம்ப்யூட்டர் குழம்பும். அப்புறம், டிஸ்க்கைப் பிரிவுகளாகப் பிரிக்கும் ஜிபிடி முறையில் அந்தப் பிரிவுகளின் பட்டியலுக்கு ஒரு மாற்றுப்படி டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். பெரிய டிஸ்க்கில் அது நடுவில் மாட்டிக்கொள்ளும், அதைக் கடைசிக்கு நகர்த்த வேண்டும்.

ஏழு ஃபைல்கள் பாக்கி இருந்தன. பெரிய ரெக்கார்டரைக் கொண்டுபோகாத நாட்களில் அவள் பையில் இருக்கும் சின்ன ரெக்கார்டரில் எடுத்தவை அவை. அது தேதி எழுதுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்தாள். பறவையைக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது பின்னால் இருந்த சத்தங்களை. “இதுல தண்ணி ஓடுற சத்தம் இருக்கு. அந்த ஓடையில ரெண்டு மாசம்தான் தண்ணி இருந்துச்சு.” இன்னொன்றில் தன் தும்மலைக் கேட்டு, சளி பிடித்திருந்த வாரத்தைச் சொன்னாள். தையல்சிட்டு ஒன்று கத்தும் பதிவில் தூரத்தில் யாரோ மரம் அறுத்தார்கள். அது எந்த மரம் என்றே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஐந்துக்குப் பெயர் வைத்தாள்.

மீதி இரண்டும் ‘தெரியாதவை’ என்ற ஃபோல்டரில், ஃபோட்டோரெக் கொடுத்த எண்ணோடு இருக்கின்றன. ஒன்றில் ஏதோ ஓர் ஆந்தை. மற்றதில் பறவை எதுவும் இல்லை. நாற்பது விநாடி மழை பெய்கிறது, அப்புறம் ரெக்கார்டரை அணைக்கும் சத்தம்.